51 செவர்லே பிக்கப்புக்குப் பழைய சக்கரம் தேடிய கதை

நான்கு வருடமாக என் கராஜில் 1951 செவர்லே 3100 பிக்கப் ஒன்று இருக்கிறது. அந்தக் காலத்து 216 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சின் இன்னும் இரண்டாவது முறுக்கில் கிளம்பிவிடும். சக்கரம் மட்டும்தான் அதனுடையது இல்லை. எனக்கு முன்னால் வைத்திருந்த யாரோ ஒருவர், பின்னால் வந்த மாடல் ஒன்றின் 15 அங்குலச் சக்கரங்களை மாட்டியிருந்தார். ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தால் முன்பக்கம் கர்ரென்று ஒரு சத்தம் வரும். குனிந்து பார்த்தேன். முன் சக்கரங்களைத் திருப்பும் கம்பியான டை ராடின் முனை, டயர் உட்காரும் இரும்பு வளையமான ரிம்மின் உட்புறத்தை உரசி, பெயிண்ட் போய், இரும்பு வெள்ளையாகப் பளபளத்தது. கம்பெனிச் சக்கரம் கிடைக்கும்வரை இந்த வண்டியைத் தெருவில் எடுப்பதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

இந்த வண்டிக்கு வந்த சக்கரம் 16 அங்குல விட்டம், 5 அங்குல அகலம், ஆறு போல்ட். எதிரெதிரே இருக்கும் இரண்டு துளைகளின் நடுவிலிருந்து நடுவுக்கு 5½ அங்குலம். டயர் 6.00-16, அதாவது சுமார் ஆறு அங்குல அகலம், 16 அங்குலச் சக்கரத்துக்கு. செவர்லே தன் அரை டன் பிக்கப்புகளில் இதே ஆறு போல்ட் அமைப்பை 1970 வரை விடவில்லை. அதனால் வேறு வருடத்துச் சக்கரமும் ஹப்பில், அதாவது அச்சு முனையில் சக்கரத்தை போல்ட் போடும் இடத்தில், சிக்கலில்லாமல் ஏறி உட்கார்ந்துவிடும். விற்பவர்களும் "உங்கள் வண்டிக்கு ஏறும்" என்றுதான் சொல்வார்கள், அது பொய்யும் இல்லை. ஏறினால் மட்டும் போதாது என்பதை எனக்கு அந்த டை ராட் காட்டிவிட்டது.

முதல் தடவை ஏமாந்தேன். கறுப்புப் பெயிண்ட் மின்ன, நான்கு சக்கரங்களின் படத்தை ஆன்லைனில் பார்த்ததும் பணம் அனுப்பிவிட்டேன். அளவெல்லாம் சரிதான். ஆனால் டயர் கடைக்காரர் ஒன்றைக் கையில் எடுத்துச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒரு போல்ட் துளையின் ஓரத்தை நகத்தால் சுரண்டினார். பெயிண்ட்டோடு பட்டியும் பெயர்ந்து வந்தது. அடியில் ஒரு துளையிலிருந்து பக்கத்துத் துளைக்கு முடி மாதிரி ஒரு விரிசல். மேலே வெல்டிங் வைத்துத் தேய்த்து, பட்டி பூசி மறைத்திருந்தார்கள். அதில் டயர் போட மாட்டேன் என்று அவர் கறாராகச் சொல்லிவிட்டார். அதற்கு இன்றைக்கும் அவருக்கு நன்றி சொல்கிறேன். அன்றிலிருந்து புதுப் பெயிண்ட் அடித்த சக்கரத்தை நான் தொடுவதில்லை. துருப்பிடித்த சக்கரத்தில் எல்லாம் வெளியே தெரியும்.

அப்புறம் அக்டோபரில் பென்சில்வேனியாவின் ஹெர்ஷிக்குப் போனேன். அங்கே வருடாவருடம் நடக்கும் பழைய கார் சந்தையை ஒரே நாளில் சுற்றி முடிக்க முடியாது. பையில் ஒரு டேப், வயர் பிரஷ், சின்னச் சுத்தியல், டார்ச், ஒரு நீள இரும்பு ஸ்கேல் எடுத்துப் போயிருந்தேன். மொத்தம் பதினொரு சக்கரங்களைப் பார்த்தேன். அகலத்தை வெளி விளிம்பில் அளந்து "ஆறு அங்குலம்" என்று சொன்னவர் இருந்தார். டயர் உட்காரும் இடத்தில், ரிம்மின் இரண்டு ஓரத்திலும் எழும்பி நிற்கும் உதடுகளுக்கு உட்புறமாக அளக்க வேண்டும். அப்படி அளந்தால் அதுவே ஐந்துதான். எட்டு போல்ட், டயரை ரிம்மில் பிடித்து வைக்கத் தனியாகப் பூட்டு வளையம் போட்ட பெரிய டிரக் சக்கரங்களும் கிடந்தன. அவை நம் வண்டிக்கு ஆகாது. அந்த வளையம் தெறித்தால் ஆள் உயிரோடு இருக்க மாட்டார், சக்கரத்தை இரும்புக் கூண்டுக்குள் வைக்காமல் யாரும் காற்றடிக்கக் கூடாது.

நான் முதலில் பார்ப்பது போல்ட் துளைகளைத்தான். நட்டு உட்காரும் சரிவு வட்டமாக இருக்க வேண்டும். முட்டை வடிவமாக நீண்டிருந்தால், நட்டு தளர்ந்தபடியே யாரோ வெகுதூரம் ஓட்டியிருக்கிறார் என்று அர்த்தம். அங்கே பிரஷ் போட்டுத் தேய்த்து டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால், விரிசல் இருக்கிற இடத்தில் சிவப்பாகத் துருக்கோடு ஓடும். அடுத்து நடுத்தட்டும் ரிம்மும் சேரும் இடம். ரிவெட்டைச் சுற்றித் துரு வழிந்திருந்தால் அது ஆடுகிறது. பிறகு சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துச் சுத்தியலால் மெல்லத் தட்டுவேன். நல்லது கோயில் மணி மாதிரி கொஞ்ச நேரம் இழுத்துப் பேசும். விரிசல் விட்டது 'தொப்' என்று அடங்கிவிடும். இதை மட்டுமே நம்பி வாங்க மாட்டேன், ஆனால் இது என்னைக் காப்பாற்றியதும் உண்டு.

பதினொன்றில் இரண்டு தேறின. அவற்றைக் கொடுத்த பெரியவர், எந்த வண்டிக்கு என்று கேட்டார். படத்தைக் காட்டினேன். தங்கள் பக்கத்து விவசாயிகள் பழைய பிக்கப்பின் பின்பாதியை அறுத்து டிரெய்லராக்கி வைத்திருப்பார்கள், அச்சும் சக்கரமும் கம்பெனியில் வந்தபடியே இருக்கும், அங்கே போய்ப் பாருங்கள் என்றார்.

இரண்டு மாதத்தில் அப்படி ஒன்று கிடைத்தது. விறகு ஏற்றும் டிரெய்லர், ஒரு கொட்டகைக்குள் நின்றது. டயரைக் கழற்றிப் பார்த்துத்தான் பணம் தருவேன் என்றேன், சம்மதித்தார்கள். டயரை நெம்பி எடுத்ததும் டியூப் அப்பளம் மாதிரி நொறுங்கியது. உள்ளே, டியூப் ஒட்டாமலிருக்க என்றைக்கோ தூவிய வெள்ளைப் பவுடர் ரிம்மில் அப்படியே படிந்திருந்தது. அதைத் துணியால் துடைத்தபோது அடியில் பழைய கறுப்புப் பெயிண்ட், ஒரு குழி கூட இல்லை. வெளியே பார்த்தால் முழுக்கத் துரு!

வீட்டுக்கு வந்து நான்கையும் ஒவ்வொன்றாக முன் ஹப்பில் மாட்டி, ஆட்டத்தை முள்ளால் காட்டும் டயல் கேஜ் வைத்துச் சுற்றினேன். பக்கவாட்டிலும் மேல்கீழாகவும் 1/16 அங்குலத்துக்கு மேல் ஆடினால் ஒதுக்கிவிடுவது என் கணக்கு. மூன்று அதற்குள் நின்றன. ஒன்றின் உதட்டில் மட்டும் சின்ன நெளிவு, அதை ரிம் நிமிர்த்துகிற கடையில் கொடுத்துச் சரி செய்தேன். பெயிண்ட் அடிக்கும்போது நட்டு உட்காரும் சரிவுகளை மட்டும் மறைத்துக்கொண்டேன். அங்கே பெயிண்ட் தடித்தால், அது நசுங்க நசுங்க நட்டு தளரும். டியூப் போட்டுத்தான் டயர் ஏற்றினேன்.

ஐம்பது மைல் ஓட்டிவிட்டு நட்டுகளை மறுபடி முடுக்கிப் பார்த்தேன். பின் இடது சக்கரத்தில் ஒன்று கால் சுற்று போனது, மற்றவை அசையவில்லை. ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்தேன். சத்தமே இல்லை. இனி ஸ்டெப்னிக்கு ஐந்தாவது ஒன்று வேண்டும். அக்டோபருக்கு லீவு சொல்லியாயிற்று.