டயாலிசிஸ் நாற்காலிகளும் ஒரு தண்ணீர்ப் பந்தலும்

மருத்துவமனை வார்டில் பணியாற்றும் தாதி ஒருவர் தம் நோயாளியைச் சில நாட்கள், மிஞ்சினால் சில வாரங்கள் பார்ப்பார். குணமாகி வீட்டுக்குப் போனவரை அதன்பின் சந்திப்பது அரிது. சிறுநீரகம் செயலிழந்தவரின் ரத்தத்தை இயந்திரத்தால் சுத்திகரிக்கும் டயாலிசிஸ் மையத்தில் அப்படியில்லை. வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம் என்று கணக்கிட்டால், ஒரு நோயாளி ஆண்டுக்கு 600 மணி நேரத்துக்கு மேல் எங்கள் கண்முன் அமர்ந்திருக்கிறார். அவருடைய மகளுக்கு வரன் அமைவதும், மருமகனோடு மனத்தாங்கல் வருவதும், பேரன் பிறப்பதும் எங்களுக்குத் தெரிந்துவிடும். பினாங்குத் தீவில் ஓர் அறவாரியம் நடத்தும் மையத்தில் என் பணிக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. மகிழ்ச்சியைப் பற்றியும் நம்பிக்கையைப் பற்றியும் மேடையில் பேசுவோர் பேசட்டும். எங்களுக்கு அவை அன்றாட வேலையைச் சேர்ந்தவை. மனம் விட்டுப்போனவர் சிகிச்சைக்கு வராமல் நின்றுவிடுவார். நின்றவர் சில நாட்களில் மூச்சுத் திணறி அவசரப் பிரிவுக்குப் போவார்.

சிறுநீரகம் செயலிழந்தவரைப் பார்க்க வரும் உறவினர் எல்லாரும் தவறாமல் சொல்வது, "எல்லாம் நல்லபடியா நினைங்க, மனசத் தளர விடாதீங்க" என்பதுதான். சொல்பவரின் அன்பில் குறையில்லை. ஆனால், அதைக் கேட்டுக்கொண்டு சாய்ந்திருப்பவரின் முகத்தை அருகில் நின்று பார்ப்பவர்கள் நாங்கள். நல்லபடியாக நினைக்க வராதது தம் குற்றமோ என்று அவர் எண்ணத் தொடங்கி, நோயோடு சேர்த்து அதையும் சுமக்கிறார். இதைவிடக் கெடுதலானது, அளவு மீறிய எதிர்பார்ப்பு. அடுத்த மாதம் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பி வந்தவர்கள், அந்த அடுத்த மாதம் வந்ததும் இடிந்துபோவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். யாரோ சொன்ன கஷாயத்தை நம்பிச் சிகிச்சையை நிறுத்திய ஒருவர், கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டுவதால் இரவெல்லாம் உட்கார்ந்தே கழித்துவிட்டு, மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார். இறந்தோரிடமிருந்து கிடைக்கும் சிறுநீரகங்கள் மிகக் குறைவாக உள்ள நம் மலேசியாவில், பெரும்பாலோருக்கு டயாலிசிஸ் என்பது வாழ்நாள் ஏற்பாடு. அந்த உண்மையை மறைத்துவிட்டு ஊட்டும் நம்பிக்கை நெடுநாள் தாங்காது.

தாங்கக்கூடிய நம்பிக்கை எது என்பதைப் பினாங்கின் பிறைப் பகுதியில் கண்டெய்னர் லோரி ஓட்டிய ஓர் அண்ணனிடம்தான் பார்த்தேன். நீரிழிவால் சிறுநீரகம் கெட்டு எங்களிடம் வந்தவர். எங்கள் மையத்தில் யாராக இருந்தாலும் முதலில் எடை மெஷினில் ஏற வேண்டும். உடலில் மிகைநீர் இல்லாதபோது இருக்க வேண்டிய எடையை உலர் எடை என்போம். அதற்கு மேல் உள்ளது, சிறுநீராக வெளியேறாமல் உடம்பில் தேங்கிய நீர். அதை 4 மணி நேரத்துக்குள் இயந்திரம் உறிஞ்சியாக வேண்டும். தேங்கியது மிகுதியானால் ரத்த அழுத்தம் சரியும். கடைசி ஒரு மணி நேரத்தில் கெண்டைக்கால் கல்லைப்போல் இறுகிக்கொள்ளும். அப்போது நோயாளி தம் பாதத்தை எங்கள் உள்ளங்கையில் வைத்து முழுப் பலத்தோடு உந்துவார், நாங்கள் எதிர்த்துத் தள்ளிக்கொண்டு நிற்போம். அந்த அண்ணன் மெஷினில் ஏறுமுன் ஒரு காலைத் தரையிலேயே வைத்துக்கொண்டு, "ரெண்டு கிலோ, மிஞ்சினா ரெண்டே கால். பந்தயம் கட்டுறீங்களா மிஸ்ஸி?" என்பார். பெரும்பாலும் அவர்தான் வெல்வார்.

அதற்குப் பின்னால் ஒரு வழிமுறை இருந்தது. காலையில் அரை லிட்டர் போத்தல் ஒன்றை நிரப்பி வைப்பாராம். அன்று முழுவதும் அவருக்கு உரிய நீர் அவ்வளவுதான். கடையில் அரைக் கிளாஸ் தே ஓ (பாலில்லாத தேநீர்) குடித்துவிட்டு வந்தால், வீட்டுக்கு வந்ததும் அதே அளவைப் போத்தலிலிருந்து செடிக்கு ஊற்றிவிடுவார். தாகம் பொறுக்காவிட்டால் ஓர் ஐஸ் கட்டியை வாயில் ஒதுக்கிக்கொள்வார். நோய் தீர்ந்துவிடும் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. புதன்கிழமை எடை திங்கட்கிழமையைவிடக் குறைவாக இருக்கும் என்று மட்டும் நம்பினார், நம்பியதைத் தம் கையாலேயே நடத்திக்காட்டினார். நேர்மறைச் சிந்தனை என்பதற்கு இதைவிடச் சரியான பொருளை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அந்த அண்ணனுக்கு ஓடிய இயந்திரமும் இப்படிப்பட்ட ஒருவரின் பிடிவாதத்தால் வந்ததுதான். நெதர்லாந்து ஜெர்மானியரின் பிடியில் இருந்த காலத்தில், 1943இல், வில்லெம் கோல்ஃப் என்ற மருத்துவர் சொசேஜ் இறைச்சியை அடைக்கும் செலொஃபேன் குழாயை மரச்சட்ட உருளை ஒன்றில் சுற்றி, அதை உப்புநீர்த் தொட்டியில் சுழலவிட்டு நோயாளியின் ரத்தத்தைச் சுத்திகரிக்க முயன்றார். முதல் ஈராண்டுகளில் அவரிடம் சிகிச்சை பெற்றவர்களில் ஏறத்தாழ எல்லாருமே இறந்துபோனார்கள். 1945இல்தான், மயங்கிக் கிடந்த 67 வயது மூதாட்டி ஒருவர் கண் விழித்துப் பிழைத்தார். புதிதாக வேலைக்குச் சேரும் தாதியரிடம் இதை நான் தவறாமல் சொல்வதுண்டு. நடுவிலேயே கோல்ஃப் கைவிட்டிருந்தாலும் யாரும் குறைசொல்லியிருக்கமாட்டார்கள்.

எங்கள் மையத்தில் மலாய், சீன, இந்திய மூவினத்தவரும் இருந்தாலும், தமிழர்களின் எண்ணிக்கை மக்கள்தொகை விகிதத்தைவிட எப்போதும் கூடுதலாகவே தெரியும். 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில், நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டறியப்பட்டது. இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அது 31.4 விழுக்காடு. கோயிலில் அன்னதானத்தோடு கேசரியும் சர்க்கரைப் பொங்கலும் அள்ளி அள்ளிப் பரிமாறும்போது எனக்குக் கை நடுங்கும். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க மண்டபத்தின் ஓரத்தில் ஒரு மேசை போடலாமே என்று சொன்னால், சில நிர்வாகத்தினர் கேட்டுக்கொள்கிறார்கள், சிலர் பூசை நேரத்தில் நோயைப் பற்றிய பேச்சு எதற்கு என்கிறார்கள்.

பூசைக்கும் நோய்க்கும் உள்ள உறவை எங்கள் கூடத்தில் வந்து பார்க்க வேண்டும். ஒரு நாற்காலியில் மலாய் மக்சிக் (பெரியம்மா) ஒருவர் ஊசி குத்திய கையை அசைக்காமல், தலையசைவிலேயே தொழுகையை நிறைவேற்றுவார். பக்கத்தில் சீனப் பெரியவர் மணிமாலையை உருட்டிக்கொண்டிருப்பார். எதிரில் ஓர் அம்மா கைப்பேசியில் முருகன் பாடல்களைக் கேட்டபடி கண்ணயர்ந்திருப்பார். கடவுளோடு பேரம் பேசுகிறவர்களும் உண்டு. இதைக் கொடு, அதைச் செய்கிறேன் என்று வேண்டிக்கொண்டவர்கள், பேரம் படியாதபோது கடவுளையும் எங்களையும் சேர்த்தே திட்டினார்கள். எதையும் கேட்காமல், செவ்வாய்க்கு ஒரு விளக்கு, வெள்ளிக்கு ஒரு விளக்கு என்று ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் அப்படிச் சோர்ந்துபோனதில்லை. டயாலிசிஸ் நாளுக்கும் விளக்கேற்றும் நாளுக்கும் அவர்கள் ஒரே ஒழுங்கைக் கடைப்பிடித்தார்கள். எது எதற்குத் துணைபோனது என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

முருகன் பாடல் கேட்டுக் கண்ணயர்ந்த அந்த அம்மாவைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுத்துப் பழகியவர். நோய் வந்தபிறகும் எடுத்தே தீருவேன் என்று நின்றார். மலைக்கோயிலுக்கு 513 படிகள். இடக்கையில் ஃபிஸ்துலா வேறு இருந்தது. தமனியையும் சிரையையும் இணைத்து, ஊசி குத்துவதற்கு ஏற்ற தடித்த ரத்தநாளத்தைக் கையிலேயே உருவாக்கும் அந்த முறையை நியூயார்க் மருத்துவர்கள் 1966இல் அறிமுகப்படுத்தினார்கள். அந்தக் கையில் பாரம் தூக்கக்கூடாது, அது அடைத்துக்கொண்டால் உயிர்வழியே அடைத்ததுபோல. மருத்துவர் வேண்டாம் என்றார். மகள் அழுதார். அம்மா யாரோடும் பேசாமல் ஒரு வாரம் வந்து போனார்.

பிறகு அவரே ஒரு வழி கண்டார். வெள்ளி ரதம் பினாங்கு ஸ்திரீட் கோயில் வீட்டிலிருந்து புறப்பட்டுத் தண்ணீர்மலை போய்ச் சேரும் நாளில், ஜாலான் உத்தாமா நெடுகிலும் தண்ணீர்ப் பந்தல்கள் நிற்கும். தமிழர்கள் மட்டுமன்றிச் சீனர்களும் வழியெல்லாம் தேங்காய்களைக் குவித்து உடைப்பார்கள். முந்தின நாள் சிகிச்சையை முடித்துக்கொண்டு, உறவினர் நடத்திய ஒரு பந்தலில் அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வேலை முடிந்து போகும் வழியில் எட்டிப்பார்த்தேன். மோரையும் ரோஸ் சிரப் தண்ணீரையும் கிளாஸ் கிளாஸாக மொண்டு நடந்து வருவோரிடம் நீட்டிக்கொண்டிருந்தார். வெயிலில் உதடு வெடித்திருந்தது. நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் குடிக்கக்கூடாத ஒருவர், இரண்டு கைப்பிடி போட்ட பெரிய தொட்டியை எதிரில் வைத்துக்கொண்டு ஊருக்கெல்லாம் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து எனக்குப் பதறிவிட்டது. "குடிச்சிட்டீங்களாம்மா?" என்று கேட்டேன். "மூணு மடக்கு. எழுதி வச்சிக்க. எளநி தந்தாங்க, தொடல" என்றார். பொட்டாசியத்துக்கு அஞ்சி இளநீரை நாங்கள் விலக்கச் சொல்வது உண்டு. அடுத்த முறை எடை பார்த்தபோது அவருக்குக் கூடியிருந்தது வழக்கத்தைவிடக் குறைவு. கொடுக்கும் கைக்குத் தாகம் எடுக்காது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். அவருக்குத் தாகம் எடுத்தது, நன்றாகவே எடுத்தது. ஆனால் அந்த ஒரு நாள் அவர் நோயாளி அல்லர், பந்தலில் வேலை இருக்கிறவர்.

அதன் பிறகு எங்கள் மையத்தில் நான் கவனிக்கத் தொடங்கியது இதைத்தான். தேற்றிப் பேசியதால் தெளிந்தவர்களைவிட, ஏதேனும் ஒரு காரியத்துக்குத் தேவைப்பட்டதால் தெளிந்தவர்களே மிகுதி. டயாலிசிஸ் தொடங்க மறுத்து, சாகிறேன் விடுங்கள் என்று வருவோரை நாங்கள் லோரிக்கார அண்ணனிடம் அனுப்பிவைப்போம். அவர் உபதேசம் எதுவும் செய்வதில்லை. வந்தவரின் விரல்களை எடுத்துத் தம் கையின் ஃபிஸ்துலாவின் மேல் வைப்பார். ரத்தம் விரைந்து பாயும் அதிர்வு, தோலுக்கடியில் பூனை உறுமுவதுபோல் விர்ரென்று விரலில் ஏறும். "கேக்குதா? இஞ்சின் ஓடுது" என்பார். அவ்வளவுதான். பிறகு எந்தக் கடையில் உப்புக் குறைவாகச் சமைப்பார்கள், ஊசி குத்தும்போது எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவுக்கு எந்தப் பாரத்தை நிரப்ப வேண்டும் என்று பேச்சு போகும். சொக்சோ சந்தாதாரருக்குக் கட்டணத்தில் கைகொடுக்கும். சந்தா கட்டாத வீட்டுப் பெண்களும் அன்றாடங்காய்ச்சிகளும் அறவாரியங்களையே நம்ப வேண்டியிருப்பதால், இந்தத் தகவல்கள் மருந்தைப்போலவே முக்கியம்.

எங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தாதியரைத் தெய்வம் என்று சொல்லிவிட்டு மிகைநேர ஊதியம் கேட்டால் முகம் சுளிப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். சேவை மனப்பான்மையை ஊதியத்துக்கு மாற்றாகக் காட்டுவதை நான் என்றுமே ஏற்றதில்லை. ஆனால், வேலையில் எனக்கு நிறைவு தந்தவை ஊதியத்தில் சேராத சிறு ஏற்பாடுகள். சிறுநீரகத்துக்குப் பண்டிகை விடுமுறை இல்லை; தீபாவளியன்றும் இயந்திரம் ஓட வேண்டும். அன்று மலாய், சீனத் தாதியர் எங்கள் பொறுப்பை எடுத்துக்கொள்வார்கள். நோன்புப் பெருநாளிலும் சீனப் புத்தாண்டிலும் நாங்கள் நிற்போம். யாரும் எழுதிவைத்த விதியன்று. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது, ஊர் முழுதும் கதவடைத்திருக்க, எங்கள் நோயாளிகள் மையத்தின் கடிதத்தைச் சாலைத் தடுப்புகளில் காட்டிக்கொண்டு வழக்கம்போல் வந்தார்கள். முகக்கவசத்துக்கு மேல் கண் மட்டும் தெரிந்த அந்த நாட்களிலும் எடைப் பந்தயம் நிற்கவில்லை.

லோரிக்கார அண்ணன் அடுத்த ஆண்டு இதயம் நின்று காலமானார். எங்கள் துறையில் இது அபூர்வமன்று. காத்திருப்போர் பட்டியல் இருப்பதால், அவருடைய நாற்காலியில் சில நாட்களிலேயே வேறொருவர் அமர்ந்தார். வந்தவர் சின்ன வயதுக்காரர்; சுவரைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். பந்தலில் தண்ணீர் ஊற்றிய அம்மா இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இந்த எடத்துல இருந்தவரு ரெண்டு கிலோவுக்கு மேல ஏத்திக்கிட்டு வந்ததே இல்ல. நீ எவ்வளவு?" என்று கூடமே கேட்கும்படி கேட்டார். அவர் வேண்டாவெறுப்பாக மூன்றரை என்றார். அம்மா திட்டிய திட்டில் பக்கத்திலிருந்த சீனப் பெரியவர் மாலை உருட்டுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். அந்தத் தம்பிக்கு அரை லிட்டர் போத்தல் ஒன்றை வாங்கிவந்து கொடுத்ததும் அம்மாதான். அதன் விலையை அவனிடமே கேட்டு வாங்கிக்கொண்டார்.