டேம் பார்க்குல சாயங்கால ஓட்டம், பேசிக்கிட்டே

கிருஷ்ணகிரியில ஓடுறதுக்கு நல்ல எடம் எங்க இருக்குன்னு யார் கேட்டாலும் நான் மொதல்ல சொல்றது கேஆர்பி டேம், அதாவது கிருஷ்ணகிரி அணை தான். டவுன்ல இருந்து 7, 8 கிலோமீட்டர், பெரியமுத்தூர் கிட்ட தென்பெண்ணைக்கு குறுக்க 1950கள்ல காமராஜர் காலத்துல கட்டுனது. ஞாயித்துக்கெழமை புள்ளைங்கள கூட்டிட்டு வந்து பார்க்குல விட்டுட்டு மீன் வறுவல் சாப்ட்டுட்டு போற எடமாத்தான் நம்ம ஊருல எல்லாருக்கும் இது தெரியும், ஆனா வார நாள்ல சாயங்காலம் ஒரு அஞ்சு மணி வாக்குல போய் பாருங்க, கூட்டம் இருக்காது, மரத்தடியில மண்ணு பாதை காலியா கெடக்கும், வெயில் சாஞ்சிருக்கும், ஓடணும்னு நெனைக்காதவங்களுக்கும் அங்க போனா கால் தானா நடையை எட்டிப் போடும்.

நான் அங்க ஓடுறது எங்க பக்கத்து வீட்டு அக்கா கூட. அவங்களுக்கு வயசு 52, இதுக்கு முன்னாடி ஓடி பழக்கமே கிடையாது, நடை மட்டும் நல்லா நடப்பாங்க. நாங்க ஓடுறது ரொம்ப மெதுவான ஓட்டம், பக்கத்துல யாராவது வேகமா நடந்தாங்கன்னா எங்களுக்கு சமமா வந்துருவாங்க. அக்கா பேசிக்கிட்டே தான் ஓடுவாங்க, மருமக ஊருக்கு போன கதை, ரேஷன் கடை கதை, மாந்தோப்பு குத்தகை பஞ்சாயத்து, எல்லாம் ஓட்டத்துலயே வந்துரும். திடீர்னு அக்கா வாய் மூடிருச்சுன்னா வேகம் கூடிப்போச்சுன்னு அர்த்தம், உடனே நான் கொறைச்சிருவேன். "ஏம்மா நின்னுட்ட, நான் நல்லாத்தான வரேன்"னு கேப்பாங்க, "கதை பாதியில நின்னுருச்சேக்கா, அதான்"னு சொல்லுவேன்.

இது நான் கண்டுபிடிச்சது இல்லீங்க, ஓட்டம் சொல்லிக்குடுக்கிற எல்லாரும் சொல்றது தான், முழு வாக்கியமா மூச்சு வாங்காம பேச முடியுதுன்னா அது ஈசி ரன், ரெண்டு ரெண்டு வார்த்தையா வருதுன்னா அது ஈசி இல்ல. வாட்ச் கட்டியிருக்கவங்களுக்கு பில் மாஃபெட்டோன்னு ஒரு கோச் சொன்ன கணக்கு இருக்கு, 180ல இருந்து உங்க வயசை கழிங்க, புதுசா ஆரம்பிக்கிறவங்க இன்னொரு 5 கழிங்க, வர்ற நம்பருக்கு மேல ஹார்ட் ரேட் போகாம ஓடுங்க. அக்காவுக்கு அப்படி பாத்தா 123. நம்மாளுங்க முக்காவாசி பேர் ஓட ஆரம்பிச்ச மொத வாரமே மூச்சு முட்ட ஓடி, முட்டி வலி வந்து, ஷூவை பரண்ல போட்டுடறாங்க, அதை பாக்குறப்ப எனக்கு நெஜமாவே வருத்தமா இருக்கும். மெதுவா ஓடுறப்ப ஒடம்புக்குள்ள வேலை நடக்கலன்னு நெனைக்கிறாங்க, ஆனா அப்பதான் தசைக்குள்ள நுண்ணிய ரத்தக்குழாய் புதுசா வளருது, சக்தி தயாரிக்கிற மைட்டோகாண்ட்ரியா கூடுது, கொழுப்பை எரிச்சு ஓடுறதுக்கு ஒடம்பு பழகுது. நல்லா ஓடுற வீரர்களே தங்களோட பயிற்சியில பெரும்பகுதியை ஈசியா தான் ஓடுறாங்க, வேகம்கிறது வாரத்துல கொஞ்சம் தான்.

அதுலயும் மண்ணு பாதைன்னா இன்னும் நல்லது. தார் ரோட்டுல ஒவ்வொரு அடியும் ஒரே மாதிரி விழும், அதனால ஒரே எடத்துல தான் பாரம் திரும்பத் திரும்ப எறங்கும், மண்ணுல அப்படி இல்ல, ஒரு அடி வேர் மேல, ஒரு அடி சரளையில, ஒரு அடி காஞ்ச எலை மேல, கணுக்காலை சுத்தி இருக்குற சின்ன சின்ன தசை எல்லாம் வேலை செஞ்சே ஆகணும். அடியை சின்னதா வைக்கணும், கண்ணு நாலு மீட்டர் முன்னாடி இருக்கணும், காலையே குனிஞ்சு பாத்துக்கிட்டு ஓடுனா தான் தடுக்கும். வெல கூடுன ட்ரெயில் ஷூ எல்லாம் இந்த பாதைக்கு வேண்டாம், அடிப்பாகம் தேயாத சாதா ஷூவே போதும். ஆனா நெருஞ்சி முள்ளு. பார்க்கை விட்டு வெளிய வாய்க்கா கரை பக்கம் எறங்குனீங்கன்னா அது இருக்கும், மஞ்சப் பூவா தரையோட தரையா படர்ந்து அழகா தான் தெரியும், காய் காஞ்சதும் நட்சத்திரம் மாதிரி விரிஞ்சு ஒவ்வொரு முனையிலயும் ரெண்டு முள்ளு நீட்டிக்கிட்டு இருக்கும், ஷூ அடியில நாலஞ்சு குத்திக்கிட்டு நடக்குறப்ப டக் டக்னு சத்தம் வரும். வீட்டுக்குள்ள போறதுக்கு முன்னாடி வாசல்லயே ஒக்காந்து சாவியால நெம்பி எடுத்துருங்க, இல்லன்னா புள்ளைங்க கால்ல ஏறும்.

அந்த வாய்க்கா கரை எனக்கு ரொம்ப புடிச்ச பகுதி. டேம்ல இருந்து இடதுபுறம் ஒண்ணு, வலதுபுறம் ஒண்ணுன்னு ரெண்டு பெரிய வாய்க்கா பிரியுது, ரெண்டும் சேந்து 9,000 ஏக்கருக்கு மேல பாசனம். பாசனத்துக்கு தண்ணி விட்டிருக்குற மாசத்துல ஓடுனா ஒரு பக்கம் தண்ணி ஓடுற சத்தம், இன்னொரு பக்கம் நெல்லு வயல், அந்த ஈர வாசம். தை மாசி பக்கம் மாம்பூ வாசம் தோப்பு தாண்டுற வரைக்கும் கூடவே வரும். ஜூன்ல பெங்களூரா மாங்கா கீழ விழுந்து கெடக்கும், கூழ் பாக்டரிக்கு லோடு ஏத்துற வண்டிங்க நிக்கும், அந்த சீசன்ல வண்டிக்கு வழி விட்டு ஓரமா ஓடணும். ஆட்காட்டி குருவி முட்டை வெச்சிருக்குற சமயம்னா நம்ம தலைக்கு மேலயே கத்திக்கிட்டு சுத்தும், அது வெறும் தரையில கல்லோட கல்லா முட்டை வைக்கிற பறவை, அதனால அது கத்துனா பாதையை விட்டு எறங்காதீங்க, பேசாம நேரா போயிருங்க.

டேம் கொள்ளளவு ஒசரம் 52 அடி. மழை பிடிச்சு மேல இருந்து வரத்து கூடுச்சுன்னா ஷட்டரை தொறந்துருவாங்க, பார்க்குக்கு போற தரைப்பாலம் முழுகிரும், யாரையும் விட மாட்டாங்க. 2017 நவம்பர்ல மொத ஷட்டரே ஒடைஞ்சு தண்ணி வெளியேறுனதை ஊரே போய் பாத்துச்சு. அதனால மழைக்காலத்துல ஓடப்போறதுக்கு முன்னாடி டேம் நெலவரம் என்னன்னு கேட்டுட்டு கெளம்புங்க, தடை போட்டிருந்தா சுத்தி வேற வழியா உள்ள போலாம்னு பாக்காதீங்க.

வெயில் காலத்துக்கு ஒரு விஷயம். நம்ம ஊரு பாறை ஊரு, மத்தியானம் வாங்குன சூட்டை சாயங்காலம் வரைக்கும் விடாது. ஏப்ரல் மே மாசத்துல அஞ்சு மணிக்கு எறங்காம அஞ்சரைக்கு மேல எறங்குங்க, வழக்கமான வேகத்துல ஓடுனாலே ஹார்ட் ரேட் ஏறும், அதனால நடுநடுவுல நடந்துருங்க. மத்தபடி சாயங்காலம் ஒடம்பு சூடு கொஞ்சம் கூடுதலா இருக்கும், தசை எளகியிருக்கும், காலையில மாதிரி விறைப்பு இருக்காது, பகல் முழுக்க நின்னு வேலை பாக்குறவங்களுக்கு கூட மொத பத்து நிமிஷம் தாண்டுனா கால் லேசாயிரும்.

இருட்டுறதுக்கு முன்னாடி கரையை விட்டு வந்துருங்க, இதை மட்டும் கண்டிப்பா சொல்றேன். கண்ணாடி விரியனும் கட்டு விரியனும் சுருட்டையும் நடமாடுற நேரம் அது. கையில டார்ச் இருக்கட்டும், காதுல ஹெட்போன் வேண்டாம். பொண்ணுங்களா இருந்தா ரெண்டு பேரா போங்க, எந்த பாதையில போறீங்கன்னு வீட்டுல சொல்லிட்டு போங்க. டிரஸ்சை பத்தி கவலையே படாதீங்க, அக்கா சுடிதார்ல துப்பட்டாவை இடுப்புல குறுக்க கட்டிக்கிட்டு தான் ஓடுறாங்க, ஒரு எடைஞ்சலும் இல்ல.

ஓடி முடிச்சதும் நாங்க மீன் கடை பக்கம் போறது இல்ல, வீட்டுல ராகி களியும் கீரையும் காத்துக்கிட்டு இருக்கும். 100 கிராம் ராகியில சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கு, அம்பது வயசுக்கு மேல ஓட ஆரம்பிக்கிற ஒரு பொண்ணோட எலும்புக்கு இது எவ்ளோ முக்கியம்னு சொல்லவே வேண்டாம். மறுநாள் கால் வலிச்சா ஓடாதீங்க, நடங்க. அக்கா இப்ப என்கிட்ட கேட்டிருக்கறது, அடுத்த மாங்கா சீசனுக்குள்ள வாய்க்கா கரையில 5 கிலோமீட்டர் நடக்காம ஓடணுமாம், அதுவும் பேச்சு நிக்காம. வேற யாராச்சும் சேந்துக்கறீங்கன்னா சாயங்காலம் பார்க் கேட்டு கிட்ட வாங்க.