அப்பாவின் கொலுசுப் பணமும் பார் கவுன்சில் புகாரும்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் அப்பாவுக்கு ஒரு சின்னக் கொலுசுப் பட்டறை. மதுரைப் பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் கடனுக்குச் சரக்கு எடுத்தார். அதற்குக் கொடுத்த 4,20,000 ரூபாய் செக் பணமில்லாமல் திரும்பி வந்துவிட்டது. சேலத்திலேயே வழக்குப் போட்டோம். வக்கீல் அப்பாவுக்குப் பல வருடப் பழக்கம். அவர் நீட்டிய தாளிலெல்லாம் அப்பா கையெழுத்துப் போட்டார். அதில் இரண்டு வெற்றுத் தாள்.

ஒன்றரை வருடம் "வாய்தா போட்டிருக்காங்க" என்ற பதில்தான். ஒருநாள் அந்தக் கடைக்காரரே புதுச் சரக்கு கேட்டுப் போன் செய்தார். அப்பா கோபப்பட்டதும், "அண்ணே, பணத்தை உங்க வக்கீல் அக்கவுண்ட்லயே போட்டு எட்டு மாசமாச்சே, கேஸும் முடிஞ்சுதே" என்றார். அப்பா நெருப்பை அணைத்துவிட்டு, பாதி பற்றவைத்த கொலுசைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார். அன்றைக்கு அவர் அதைத் திரும்பத் தொடவில்லை.

வக்கீலிடம் போனோம். "செலவெல்லாம் பார்த்துட்டு மீதி தர்றேன், அடுத்த வாரம் வாங்க." அடுத்த வாரங்கள் மூன்று மாதமாயின. "விடு கண்ணு, வக்கீலய்யா நம்மை ஏமாத்த மாட்டாரு" என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்குப் பணத்தைவிட அந்த நம்பிக்கைதான் வலித்தது.

நுகர்வோர் நீதிமன்றம் போகலாம் என்று நினைத்தேன். அஸ்தம்பட்டியில் தெரிந்த ஒரு வக்கீலம்மா, அந்த வழி இல்லை என்றார். வக்கீல் தொழில் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பார் கவுன்சிலுக்குப் புகார் எழுதலாம், ஆனால் அது வக்கீலின் நடத்தையை விசாரிக்கும் இடம், பணத்தை வசூலித்துத் தரும் இடமில்லை. பணத்துக்குத் தனியாகச் சிவில் வழக்கு, அதற்கு மூன்று வருடக் காலவரம்பு ஓடிக்கொண்டிருக்கிறது, தேதியை மறக்காதீர்கள் என்றார். நம்பிக்கை மோசடி என்று போலீசிலும் புகார் தரலாமாம். அப்பா அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை.

"எதுக்கும் முதல்ல கணக்குக் கேட்டு எழுதுங்க" என்றார் வக்கீலம்மா. இந்த ஒரு விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. இந்திய பார் கவுன்சில் விதிகளின்படி, கட்சிக்காரர் பணத்துக்கு வக்கீல் கணக்கு வைத்திருக்க வேண்டும். வாங்கியது ஃபீஸா செலவுக்கா என்று அதில் எழுத வேண்டும். கட்சிக்காரருக்காகப் பணம் வந்தால் கூடிய சீக்கிரம் தெரிவிக்க வேண்டும். கேட்டால் கணக்கின் நகலைக் கொடுக்க வேண்டும். கைக்கு வந்த பணத்தைக் கடனாக மாற்றிக்கொள்ளவும் கூடாது.

ஒரே பக்கத்தில் கணக்குக் கேட்டு எழுதி வக்கீலுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒப்புகை அட்டை கையெழுத்தோடு திரும்பி வந்தது, பதில் வரவில்லை. அப்புறம் நீதிமன்றத்தில் மனுப் போட்டு வழக்குக் கட்டின் சான்று நகல் வாங்கினேன். முழுப் பணமும் பெற்றுக்கொண்டதாக ஒரு மெமோ, கீழே அப்பா கையெழுத்து. கையெழுத்து தாளின் நடுவில் இருந்தது. மேலே டைப் அடித்த வரிகள் அந்த இடத்துக்குள் அடங்க நெருக்கி நெருக்கிப் போய், கடைசி வரி கையெழுத்தின் தலையில் முட்டிக்கொண்டிருந்தது. நகலை வாங்கிய இடத்திலேயே நின்று எத்தனை தடவை பார்த்தேனோ. கடைக்காரரும் நல்ல மனதோடு வங்கிக் கணக்கு விவரத்தில் முத்திரை வாங்கி அனுப்பினார்.

புகாரை மனுவாக எழுதி, உண்மை என்று உறுதிமொழி சேர்த்து, கட்டணத்தோடு தமிழ்நாடு புதுச்சேரி பார் கவுன்சிலுக்குக் கொடுத்தோம். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில்தான் அலுவலகம். வக்கீலிடம் விளக்கம் கேட்டார்கள். பணம் முழுக்க ஃபீஸில் கழிந்துவிட்டது என்று பதில் வந்தது. பேசிய ஃபீஸை நாங்கள் தவணை தவணையாகக் கட்டி முடித்திருந்தோம், வாட்ஸ்அப்பில் எல்லாம் இருந்தது. புகாரில் விஷயம் இருக்கிறது என்று கவுன்சிலுக்குத் தோன்றினால்தான் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்குப் போகும். எங்களுடையது போனது.

மூன்று பேர் கொண்ட குழு. சாட்சி, குறுக்கு விசாரணை எல்லாம் நீதிமன்றம் மாதிரியேதான். இரவு ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஏறினால் விடியுமுன் சென்ட்ரல். அப்பா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையைப் பையில் மடித்து எடுத்து வந்து ஸ்டேஷனில் மாற்றிக்கொள்வார். இரண்டு முறை வக்கீல் தரப்பு வராமல் தள்ளிப்போனது. ஒரு வருடத்துக்குள் முடியாவிட்டால் புகார் டெல்லிக்கு, இந்திய பார் கவுன்சிலுக்கு மாறிவிடும் என்பதால் எனக்கு நாள் எண்ணுவதே வேலையாக இருந்தது.

"மெமோவில் இருப்பது உங்கள் கையெழுத்துதானே?" என்று அப்பாவிடம் கேட்டார்கள். "ஆமாங்க, கையெழுத்து என்னுது. மேல இருக்கிற எழுத்து என்னுது இல்லீங்க." குரல் நடுங்கியது, ஆனால் தயங்கவில்லை.

அடுத்த வாரமே அந்த வக்கீலின் ஜூனியர் 4,20,000 ரூபாய்க்கு டிடி எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தார். கூடவே, புகாரை வாபஸ் வாங்குவதாக ஒரு கடிதம். அப்பா பேனாவை எடுத்துவிட்டார். நான் வக்கீலம்மாவுக்குப் போன் போட்டேன். பணத்துக்கு மட்டும் ரசீது கொடுங்கள், கட்சிக்காரர் சமாதானமாகிவிட்டார் என்பதற்காக மட்டும் விசாரணையைக் கைவிடக் கூடாது என்று விதியே இருக்கிறது என்றார். டிடியை வாங்கிக்கொண்டோம், கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

குழு புகாரைத் தள்ளுபடி செய்யலாம், வக்கீலைக் கண்டிக்கலாம், கொஞ்ச காலம் தொழில் செய்யத் தடை விதிக்கலாம், வக்கீல் பட்டியலிலிருந்து பெயரையே நீக்கலாம். குழு ஒரு வருடத் தடை விதித்தது. மேல்முறையீட்டுக்கு 60 நாள். ஐம்பதாவது நாளுக்கு மேல் வக்கீல் டெல்லிக்கு, இந்திய பார் கவுன்சிலுக்கு மேல்முறையீடு போயிருக்கிறார். போன வாரம் நோட்டீஸ் வந்தது. அப்பா அதைப் பட்டறையில் என்னை வாசிக்கச் சொல்லி முழுக்கக் கேட்டார். பிறகு தபால் உறையை நேராக்கி, ஒப்புகை அட்டை இருக்கும் அதே ஃபைலில் வைத்தார். டெல்லிக்கு நேரில் போக வேண்டியிருக்குமா என்று வக்கீலம்மாவிடம் கேட்டிருக்கிறோம்.