இது என்ன படம், மாஸ்டர்?

எங்கள் பள்ளிக்கூடப் பழைய மாணவர் மலர்க்குழு என்னிடம் கேட்டது கிரிக்கெட் பிக் மாட்ச் பற்றிய கட்டுரை. "நீங்கள்தானே அண்ணை அந்த நாளையில ஸ்கோர் போட்டனீங்கள், இரண்டு பக்கம் எழுதித் தாங்கோ" என்று செயலாளர் தம்பி தொலைபேசியில் சொன்னார். சரி என்றேன். அந்தக் கிழமையே சித்திர மாஸ்டர் காலமான செய்தி வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தது. கும்பிடும் கைகளும் தாமரைப் பூக்களும் வரிசையாக வந்து விழுந்தன. நடுவில் ஒருவர், நல்ல மனிதர், இப்போது கனடாவில் கணக்காளர், "எந்தச் சித்திர மாஸ்டர்? கோழி கிளறின மாஸ்டரோ?" என்று கேட்டிருந்தார். பிக் மாட்ச் அடுத்த மலரில் வரும்.

பெயர் சொல்ல வேண்டியதில்லை. வடக்கு விறாந்தைக் கடைசி அறை, வெள்ளிக்கிழமை பின்னேர இரட்டைப் பாடவேளை, "பஸ்டல் பெட்டி இல்லாதவன் வெளியில" என்ற குரல். எங்கள் காலத்தில் சித்திரம் என்றால் பூச்சாடி, தைப்பொங்கல், தேர்த்திருவிழா. இந்த மூன்றையும் கீறத் தெரிந்தால் சோதனை பாஸ். கணித ஆசிரியருக்குப் பாடம் முடியவில்லையென்றால் முதலில் கடன் கேட்பது இவருடைய பாடவேளையைத்தான். ஒருநாளும் திருப்பித் தந்ததாக ஞாபகம் இல்லை. மாஸ்டர் சென்னையில் ஓவியம் படித்துவிட்டு வந்தவர். கொண்டுவந்த சொத்து ஒரு தகரப் பெட்டி நிறையப் புத்தகங்கள், பிறகு வெளிநாட்டுச் சஞ்சிகைகளிலிருந்து வெட்டிய படங்களை ஒட்டிவைத்த ஒரு பழைய கணக்குப் புத்தகம். அந்தக் கணக்குப் புத்தகத்தைத் தொட வேண்டுமென்றால் கிணற்றடிக்குப் போய்க் கை கழுவிவிட்டு வர வேண்டும்.

பள்ளிக்கூடக் கண்காட்சி ஒன்று நடந்தது எழுபதுகளின் நடுவில். சனம் முழுக்க விஞ்ஞானகூடத்து எலும்புக்கூட்டுக்கு முன்னால் நின்றது. சித்திர அறையின் மூன்று சுவர்களில் எங்கள் தேர்த்திருவிழாக்கள் தொங்கின. நாலாவது சுவரில் மாஸ்டருடைய படம் ஒன்று, ஒன்றே ஒன்று. அதுவரை தன் படம் எதையும் அவர் எங்களுக்குக் காட்டியதில்லை. ஹாட்போர்ட்டில் எண்ணெய் வர்ணம், அரைக் கதவளவு இருக்கும். செம்மண் நிறத்தின்மேல் கறுப்புக் கோடுகள், சில விரல் தடிப்பு, சில நூல் தடிப்பு. வலது மேல்மூலையில் ஒரு துண்டு மஞ்சள். எங்கே நின்று பார்த்தாலும் கண் முதலில் அந்த மஞ்சளுக்குத்தான் போகும். தலைப்பு எழுதவில்லை.

பிரதம விருந்தினர் பெரிய உத்தியோகத்தர். மாலையோடு வந்தார். எங்கள் தேர்களைப் பார்த்துத் தலையாட்டினார். நாலாவது சுவருக்கு முன்னால் நின்றார்.

"இது என்ன படம், மாஸ்டர்?"

"படம்தான், சேர்."

"அது தெரியுது. என்னத்தின்ர படம்?"

மாஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை. விருந்தினர் எங்கள் பக்கம் திரும்பி, "எங்கட வீட்டுக் கோழியும் முற்றத்தில இப்படித்தான் கிளறுறது" என்றார். அறை முழுக்கச் சிரித்தது. பட்ஜ் குத்தி நின்ற நாங்களும் சிரித்தோம், பெரியவர் சிரிக்கும்போது சிரிக்காமல் நிற்க எங்களுக்கு யார் பழக்கினார்கள்? அவர் அதோடு விடவில்லை. "ஒருக்கால் மாறிப் பிடியுங்கோ பாப்பம்" என்றார். பியோன் படத்தைக் கழற்றித் தலைகீழாக மாட்டினார். "பாத்தியளே, இப்ப இன்னும் வடிவு." மறுபடியும் சிரிப்பு. மஞ்சள் இடது கீழ்மூலைக்குப் போய்விட்டது. கண்காட்சி முடியும்வரை படம் அப்படியே கிடந்தது. மாஸ்டர் அதைத் திருப்பி மாட்டவில்லை. ஏன் மாட்டவில்லை என்று கேட்கிற துணிவு எங்களில் ஒருவருக்கும் இருக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் பூச்சாடியை எடுக்கவில்லை. காண்டின்ஸ்கி என்ற ஓவியரின் கதையைச் சொன்னார். ரஷ்யாக்காரர், 1866இல் பிறந்தவர், சட்டம் படித்தவர். மொஸ்கோவில் ஒரு பிரெஞ்சு ஓவியக் கண்காட்சிக்குப் போய் மொனேயின் படம் ஒன்றுக்கு முன்னால் நிற்கிறார். என்ன படம் என்று விளங்கவில்லை. கையேட்டைப் பார்த்த பிறகுதான் அது வைக்கோற்போர் என்று தெரிகிறது. விளங்காமல் நின்றது அவருக்கு வெட்கமாக இருந்தது, ஆனால் படம் மட்டும் மனதைவிட்டுப் போகவில்லை. 1896இல் சட்டத்தை விட்டுவிட்டு மியூனிக் போனார், முப்பது வயதில், படம் கீறப் பழக. (யாழ்ப்பாணத்தில் ஒரு தாயும் மன்னிக்கமாட்டாள்.) அங்கே ஒரு மாலைப்பொழுதில் வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால், மங்கல் வெளிச்சத்தில் சுவரோரம் ஒரு படம். உருவம் எதுவும் பிடிபடவில்லை, நிறங்கள் மட்டும், அவ்வளவு அழகு. கிட்டப் போனால் அது அவருடைய சொந்தப் படம், பக்கவாட்டில் சாத்திவைக்கப்பட்டிருந்தது. மறுநாள் பகல் வெளிச்சத்தில் அதே படத்தைச் சரித்துவைத்துப் பார்த்தார். அந்த அழகு முழுதாக வரவில்லை, இது இன்ன பொருள் என்று கண் கண்டுபிடித்துக்கொண்டே இருந்தது. பொருட்கள்தான் தன் படத்தைக் கெடுக்கின்றன என்று அன்று அவருக்குப் பட்டதாம்.

கதையைச் சொல்லிவிட்டு, எங்கள் தேர்த்திருவிழாக்களைச் சுவரிலிருந்து கழற்றி ஒவ்வொன்றாகத் தலைகீழாகப் பிடித்தார். "கண் முதல்ல எங்க போகுது? அடுத்ததா எங்க போகுது? எங்க போய் நிக்குது?" இந்த மூன்று கேள்விதான். என்ன படம் என்ற கேள்விக்கு அந்த அறையில் அதற்குப் பிறகு இடம் இருக்கவில்லை. விருந்தினரைப் பற்றி அவர் ஒரு சொல்லும் பேசவில்லை.

உருவமில்லாத இந்த ஓவியத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்லுவார். "இந்தச் சரக்கு ஐரோப்பாவுக்குப் போனது சென்னை அடையாற்றில இருந்துதான்." நாங்கள் நம்பவில்லை. ஆகாயவிமானம் முதல் அணுகுண்டு வரை எல்லாம் எங்களிடமிருந்தே போனது என்று தமிழ் மாஸ்டரும் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது.

2023இல் லண்டன் ரேட் மொடேர்ன் அருங்காட்சியகத்தில் ஹில்மா அஃப் கிளிண்ட், மொண்ட்ரியான் என்ற இரண்டு ஓவியர்களுடைய படங்களையும் சேர்த்து ஒரு கண்காட்சி வைத்தார்கள். மகள் ஓய்வூதியக்காரருக்குப் பொழுதுபோக்கு என்று ரிக்கெட் எடுத்துத் தந்தாள். அங்கேதான் மாஸ்டர் சொன்ன அடையாறு எனக்கு எதிரே வந்து நின்றது. எல்லாச் சமயங்களுக்கும் அடியில் ஒரே மறைஞானம் உண்டென்ற பிரம்மஞான சபை (தியோசோபிக்கல் சொசைட்டி) 1875இல் நியூயோர்க்கில் தொடங்கி, 1882இல் தலைமையகத்தை அடையாற்றுக்கு மாற்றிக்கொண்டது. இலங்கையில் பௌத்த பாடசாலைகள் எழும்பக் காரணமான ஒல்கொட் அதன் முதல் தலைவர். அவருக்குப் பின் 1907இல் அன்னி பெசன்ட். பெசன்ட் அம்மையாரும் சபைக்காரர் லெட்பீட்டரும் சேர்ந்து 1905இல் ஒரு புத்தகம் போட்டார்கள். கோபம், பக்தி, பயம் இவற்றுக்கெல்லாம் வடிவமும் நிறமும் உண்டு, ஞானக்கண்ணுக்கு அவை தெரியும் என்று வர்ணப் படங்களோடு காட்டுகிற புத்தகம். தேவாலயம் ஒன்றிலிருந்து ஜேர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் இசை மேகம்போல் கிளம்புகிற படம்கூட அதில் உண்டு. பார்த்தால் சிரிப்பு வரும், ஆனால் உருவமில்லாத ஓவியம் வருவதற்கு முன் அச்சான படங்கள் அவை. காண்டின்ஸ்கி 1911இன் முடிவில் வெளியிட்ட தன் கலை நூலில், சபையைத் தொடங்கியவர்களில் ஒருவரான பிளவாட்ஸ்கி அம்மையாரையும் பிரம்மஞான சபையையும் பெயர் சொல்லியே எழுதுகிறார். மொண்ட்ரியான் 1909இல் ஒல்லாந்தில் அந்தச் சபையில் அங்கத்தவராகச் சேர்ந்தார். ஹில்மாவும் அதே வட்டாரம்தான். மாஸ்டர் சொன்னது அரைவாசி சரி. மற்ற அரைவாசிக்கு கமெரா இருக்கிறது, பிக்காஸோவும் பிராக்கும் பொருட்களை உடைத்து அடுக்கியது இருக்கிறது, எதையும் நடித்துக்காட்டாமலே மனதை அசைக்கிற சங்கீதத்தின்மேல் ஓவியர்களுக்கு இருந்த பொறாமையும் இருக்கிறது.

யார் முதலில் என்பதில் அவர்களுக்குள் நல்ல சண்டை. காண்டின்ஸ்கி ஒரு நீர்வர்ணப் படத்தில் 1910 என்று போட்டிருக்கிறார். அது 1913இல் கீறியது என்று பல ஆய்வாளர்கள் சொல்லுகிறார்கள். ரஷ்ய ஓவியர் மலேவிச்சின் கறுப்புச் சதுரம் 1915 டிசெம்பரில் பெத்ரோகிராட்டில் காட்சிக்கு வந்தது. ரஷ்ய வீடுகளில் சாமிப் படம் வைக்கிற மூலையில், உச்சியில் மாட்டினார். ஆனால் அதன் வருடம் 1913 என்றார். ஒருவருக்கும் சொல்லாமல் 1906லேயே தொடங்கியவர் ஹில்மா, சுவீடன்காரி. கோயில் ஒன்றுக்கென்று 1915க்குள் 193 படங்கள் செய்தார். தான் இறந்து இருபது வருடம் போகும்வரை காட்டக்கூடாது என்று எழுதிவைத்துவிட்டு 1944இல் போய்ச் சேர்ந்தார். அவருடைய பத்துப் பெரிய படங்களும் கடைசி அறையில் நின்றன. ஒவ்வொன்றும் மூன்று மீற்றருக்கு மேல் உயரம், குழந்தைப் பருவத்திலிருந்து முதுமைவரை. செம்மஞ்சள், நாவல் நிறம், சுருள்கள், பூ மாதிரி ஏதோ. நான் அதிலேயே கனநேரம் நின்றிருப்பேன் என்று நினைப்பீர்கள். இல்லை. எனக்கு ஹில்மா கொஞ்சம் கூடிப்போன சாம்பிராணி. மலேவிச்சும் ஒட்டவில்லை, வெடித்துப்போன அந்தக் கறுப்பின் அடியில் வேறு இரண்டு படங்கள் இருப்பதை 2015இல் கதிர்ப்படம் எடுத்துக் கண்டுபிடித்தார்கள், அந்தச் செய்தி எனக்குப் படத்தைவிடப் பிடித்தது.

என்னை நிறுத்தியது மொண்ட்ரியான். மாஸ்டரின் கணக்குப் புத்தகத்தில் அவருடைய படம் ஒன்று தபாலட்டை அளவில் இருந்தது: வெள்ளைக் கட்டங்கள், கறுப்புக் கோடு, சிவப்பு. அடிமட்டம் இருந்தால் எவனும் கீறலாம் என்று அப்போது நினைத்தோம். நேரில் கிட்டப் போய்ப் பார்த்தால் அடிமட்ட வேலையே இல்லை. வெள்ளை ஒரே வெள்ளையல்ல. ஒரு கட்டத்தில் தூரிகை நெடுக்காக ஓடுகிறது, பக்கத்துக் கட்டத்தில் குறுக்காக. ஒன்று கொஞ்சம் நீலம் பாய்ந்தது, ஒன்று பழுப்பு. கறுப்புக் கோடு ஒன்று சட்டத்தின் விளிம்புவரை வந்து, தொடாமல், நகக்கண் அகலம் முன்னுக்கே நின்றுவிடுகிறது. கண் முதலில் சிவப்புக்குப் போனது. அடுத்து நின்றுபோன அந்தக் கோட்டின் நுனிக்கு. அங்கிருந்து நகரவில்லை. காவலுக்கு நின்ற பெண் ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டாள்.

அதே மொண்ட்ரியான் 1938இல் யுத்தம் வரப்போகிறதென்று பாரிஸை விட்டு லண்டனுக்கு ஓடிவந்தவர். ஹாம்ஸ்டெட் பக்கம், பார்க்ஹில் றோட்டில் 60ஆம் இலக்க வீட்டில் ஓர் அறை. குண்டு விழத் தொடங்கியதும் 1940இல், 68 வயதில், நியூயோர்க் போனார். 1984இல் நான் இந்த ஊருக்கு வந்து இரவுவேலை செய்த பெற்றோல் ஸ்டேஷனிலிருந்து அந்த வீட்டுக்கு நடை தூரம். அப்போது எனக்கு அது தெரியாது. மாஸ்டருக்கு ஒருவேளை தெரிந்திருக்கும். ஊரிலிருந்து வந்த வான்கடிதம் ஒன்றில், வீட்டுக்காரர் சுகம் எல்லாம் விசாரித்துவிட்டு, "அங்கே ரேட்டில் நல்ல படங்கள் உண்டாம். ரொத்கோவுக்குத் தனி அறையாம். பார்த்துவிட்டு நிறம் எப்படி என்று எழுதும்" என்று எழுதியிருந்தார். அச்சில் நிறம் சரியாக வருவதில்லை என்பது அவருடைய நெடுநாள் முறைப்பாடு. அமெரிக்க ஓவியர் ரொத்கோவின் அந்தப் படங்கள் லண்டனுக்கு வந்து சேர்ந்த 1970 பெப்ரவரி 25ஆம் தேதிதான் நியூயோர்க்கில் அவர் இறந்துகிடந்தார் என்பதையும் வகுப்பில் சொன்னவர் மாஸ்டர். நாங்கள் போகவேண்டிய இடங்கள் அப்போது வேறாக இருந்தன: உள்நாட்டு அமைச்சு, சட்டத்தரணி, வங்கி. மறுமொழி எழுத நினைத்தபோது ஊருக்குத் தபால் ஒழுங்காகப் போகவில்லை. 95 ஒக்ரோபரில் யுத்தத்தால் யாழ்ப்பாணத்து வலிகாமமே எழும்பி நடந்தது. மாஸ்டர் குடும்பமும் சாவகச்சேரிப் பக்கம் போனதாகக் கேள்வி. திரும்பி வந்தபோது வீடு இருந்ததாம், தகரப் பெட்டி இல்லையாம். பிறகு அவர் சித்திரம் எதுவும் கீறியதாக யாரும் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு ரியூஷன் கொடுத்தார் என்கிறார்கள், பூச்சாடியும் தைப்பொங்கலும்.

அந்த ரொத்கோ நிறம் கறுப்புக் கலந்த செந்நாவல், சேர். ஓரங்கள் தெளிவாக முடிவதில்லை. கொஞ்சநேரம் நின்றால் சுவர் உள்ளே போகிற மாதிரி இருக்கும். இதை எழுதிப் போட நாலு வரி போதும்.

2022இல் ஒரு செய்தி வந்தது. மொண்ட்ரியான் 1941இல் நிற ஒட்டுநாடாக்களை ஒட்டிச் செய்த படம் ஒன்று ஜேர்மனியின் டுசல்டோர்ப் அருங்காட்சியகத்தில் 1980 தொடக்கம் தலைகீழாகத் தொங்குகிறதாம். அவருடைய கலைக்கூடத்தில் எடுத்த பழைய போட்டோவில் நெருக்கமான கோடுகள் மேலே இருக்கின்றன, இங்கே கீழே. கண்டுபிடித்த பொறுப்பாளரே, திருப்பி மாட்டினால் காய்ந்த நாடாக்கள் கழன்று விழுந்துவிடும், அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். உலகம் சிரித்தது, எங்கள் வாட்ஸ்அப் குழுவிலும் கோழிக் கதை ஒருமுறை ஓடியது. எனக்கு அந்தப் பொறுப்பாளரைப் பிடித்தது. படத்துக்குச் சேதம் வராமல் பார்ப்பதுதான் அவருக்கு முதல் வேலை.

இப்போது ஒரு வேண்டுகோள். மாஸ்டர் கல்யாணவீடுகளுக்குப் பரிசாகத் தன் படங்களைக் கொடுப்பதுண்டு. வாங்கியவர்கள் எங்கே மாட்டினார்கள் என்பது வேறு கதை. லண்டனிலோ ரொறன்ரோவிலோ சிட்னியிலோ யாருடைய வீட்டு அலுமாரிக்குப் பின்னாலாவது செம்மண் நிறத்தில் ஒன்று கிடந்தால், தயவுசெய்து போட்டோ எடுத்து மலர்க்குழுவுக்கு அனுப்புங்கள். பிளாஷ் போடாமல், பகல் வெளிச்சத்தில். பின்பக்கத்தையும் ஒன்று எடுங்கள், மாஸ்டர் வருடம் போடுவது அங்கேதான்.