94ஆம் பக்கம்

“எனக்கு இதுக்கு மேல ஓடல, நான் விட்டுட்டேன். பிடிக்கலன்னா நீயும் விட்டுடும்மா.”

சிங்கப்பூரில் எங்கள் பள்ளி வாசிப்பு வட்டத்தில், ஒரு புத்தகத்தைப் பற்றி நான் சொன்னது இவ்வளவுதான். உயர்நிலை 2 மாணவி. ஒரு கணம் என்னைப் பார்த்தாள். “சரி டீச்சர்” என்று புத்தகத்தை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

சொன்னதில் தப்பில்லை என்றுதான் பாதி நேரம் தோன்றுகிறது. 400 பக்கத்துக்கு மேல் நீளும் சூனியக்காரிகள் கதை. 94 பக்கம் வரை ஒரு மந்திரம்கூட யாரும் போடவில்லை. மூலிகை காய்கிறது, தண்ணீர் கொதிக்கிறது, பாட்டி பேத்திக்கு இலை கிள்ளக் கற்றுத் தருகிறாள், மழை பெய்கிறது. இணைப்பாட நடவடிக்கை, துணைப்பாட வகுப்பு எல்லாம் போகப் பிள்ளைகளுக்கு மிஞ்சும் நேரமே கொஞ்சம். சியாட்டிலில் நூலகராக இருந்த நான்சி பேர்ல் ஒரு கணக்குச் சொல்வார்: 50 பக்கம் படித்துப் பாருங்கள், பிடிக்கவில்லையென்றால் மூடிவிடுங்கள், 50 வயதைத் தாண்டியவர்கள் 100இலிருந்து வயதைக் கழித்துக்கொள்ளலாம். எனக்கு 53. 47 பக்கமே போதும். அதைப்போல இரண்டு மடங்கு படித்துவிட்டுத்தான் மூடினேன்.

ஆனால் அவள் பிடிக்கவில்லை என்று சொல்லவே இல்லையே.

“டீச்சர், ரொம்ப மெதுவா போகுது.” அவள் சொன்னது இதுதான். நான் அதைக் குறையாக எடுத்துக்கொண்டேன். அலுப்பு என்னுடையது. அவளோ செம்பவாங்கிலிருந்து அங் மோ கியோ வரை ரயிலில் தினமும் மூன்று நான்கு பக்கம் படிப்பவள். நூலகத்தின் 21 நாள் இரவலை இன்னொரு 21 நாள் நீட்டித்து வைத்திருந்தாள். பிடிக்காத புத்தகத்தை யார் நீட்டிப்பார்கள்? பையில் வைக்கும்போது, அடையாளத்துக்குச் செருகியிருந்த சொல்வதெழுதுதல் தாள் கண்ணில் பட்டது. என் 94ஐ அது எப்போதோ தாண்டியிருந்தது.

அதற்கு இரண்டு வாரம் முன்புதான், கதையில் வரும் இந்தப் பெண்களைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்டாள். சூனியக்காரி என்றேன். “இவங்க யாருக்கும் சூனியம் வைக்கலையே டீச்சர், மருந்துதான அரைக்கிறாங்க?” மாயக்காரி என்று சொல்லிப் பார்த்தோம், ஏமாற்றுக்காரி போல ஒலித்தது. கடைசியில் மருத்துவச்சி என்றேன். பிரசவம் பார்ப்பவளையும் அப்படித்தான் அழைப்பார்கள் என்றதும், “அப்ப இன்னும் நல்லாருக்கு” என்று நோட்டில் எழுதிக்கொண்டாள். கதை எப்போது தொடங்கும் என்று நான் காத்திருந்த பக்கங்களில் அவள் இதையெல்லாம் பார்த்திருக்கிறாள்.

தமிழ் வகுப்பில் “முதல் 30 பக்கம் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் படிங்க, அப்புறம் கதையே இழுத்துட்டுப் போகும்” என்று வருடா வருடம் சொல்கிறவளும் நான்தான். அந்தப் பொறுமை அன்று எங்கே போனது? அதற்காக, படிக்காததைப் படித்ததாகப் பொய் சொல்லியிருக்க முடியுமா? அதுவும் கூடாது. “நீ எந்தப் பக்கத்துல இருக்க?” என்று முதலில் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தாலும், ஆசிரியர் கைவிட்ட புத்தகத்தை 14 வயதுப் பிள்ளை தொடர்ந்து படித்திருப்பாளா, தெரியவில்லை.

போன மாதம் மாடிப்படியில் எதிரே வந்தாள். அந்தப் புத்தகத்தை முடித்தாயா என்று கேட்டேன்.

“இல்ல டீச்சர். அன்னைக்கே திருப்பிக் குடுத்துட்டேன்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். இப்போது என்ன படிக்கிறாய் என்று கேட்க வாயெடுத்தேன். மணி அடித்துவிட்டது.