ஆறு மணிக் கட்டம்

இரவு டியூட்டி உதவியாளர் அக்காவுக்கு மெமோ போனது நர்ஸான என் கடிதத்தால்தான். எழுதியது சரி என்றே இன்றும் சொல்வேன். ஆனாலும் அவர் சொன்ன பதில் காதிலேயே நிற்கிறது.

காலை ஐந்தரை ரவுண்ட்ஸ். படுக்கைப்புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளிகளைத் திருப்பிப் படுக்க வைத்ததைக் குறிக்கும் சார்ட்டில் 6 மணிக் கட்டம் ஏற்கெனவே நிரம்பியிருந்தது, கையெழுத்தோடு. "ஆறு இன்னும் ஆகலையேக்கா" என்றேன். "ஆறு மணிக்குப் பேனா எடுக்க நேரம் இருக்காது சிஸ்டர். எழுதினது முன்னாடிதான், ஆனா திருப்பாம விடமாட்டேன். அந்த அம்மா முதுகைப் பாருங்க, அப்புறம் பேசுங்க."

பார்த்தேன். வால் எலும்பு, இடுப்பு, குதிகால் எங்கும் சிவப்பு இல்லை. விரலால் அழுத்தி எடுத்தும் வெளுக்காத சிவப்புதான் படுக்கைப்புண்ணின் முதல் நிலை. அதன் அடையாளமே இல்லை. படுக்கைப்புண் வரும் அபாயத்தை அளக்கும் பிரேடன் அளவுகோலில் 18-ம் அதற்குக் கீழும் வந்தாலே கவனம் வேண்டும், அந்த அம்மாவுக்கு 11. அப்படிப்பட்டவரின் தோலை அப்படி வைத்திருந்தது இந்த அக்காவின் கைதான்.

பிறகு ஏன் எழுதினேன்? கணக்கைப் பாருங்கள். இழுத்து நகர்த்தினால் தோல் உரியும், அதனால் இரண்டு பேர் சேர்ந்து தூக்கித்தான் திருப்ப வேண்டும். ஈரத்துணி மாற்றி, தலையணை வைத்து முடிக்க ஒரு நோயாளிக்குப் பத்து நிமிடம். பன்னிரண்டு பேருக்கு இரண்டு மணி நேரம். முடிக்கும்போது அடுத்த சுற்று தொடங்கிவிடும். இடையில் யாரும் பெல் அடிக்கக் கூடாது, யாரும் விழக் கூடாது. ஆக, இரவு முழுக்க நேரம் தவறாமல் நிரம்பிய சார்ட் உண்மையாக இருக்க வழியே இல்லை. சோதனைக்கு வருகிறவர்களோ அதைத்தான் பார்த்துவிட்டுத் திருப்தியாகப் போகிறார்கள். இரவுக்கு மூன்றாவதாக ஒரு ஆளைப் போடுங்கள் என்று நான் கேட்டால், "எல்லாம் நேரத்துக்கு நடக்குதே" என்று அதே சார்ட்டை என்னிடமே காட்டுகிறார்கள்.

அவர் பக்கமும் புரிகிறது. காலிக் கட்டத்துக்கு முதலில் பதில் சொல்ல நிற்பது அவர்தான், ரோஸ்டர் போட்டவர் இல்லை. இத்தனை வருடமாக அதைப் பார்த்தவரிடம் உண்மையை எழுதுங்கள் என்று நான் எந்த தைரியத்தில் சொல்வது?

முன்கூட்டி எழுதியதையும் ஆள் பற்றாக்குறைக் கணக்கையும் ஒரே கடிதத்தில்தான் கொடுத்தேன். பிரித்துப் படிப்பார்கள் என்று எதிர்பார்க்கவில்லை. முதல் பாதிக்கு உடனே மெமோ வந்தது. இரண்டாம் பாதிக்கு இன்னும் பதில் இல்லை. கணக்கை மட்டும் எழுதியிருக்கலாமோ? அப்போது ஆதாரம் எங்கே என்று கேட்டிருப்பார்கள். எனக்குத் தெரிந்த ஆதாரம் அந்த 6 மணிக் கட்டம்தான்.

ஒன்று மட்டும் கேட்டு வாங்கினேன். சார்ட்டில் இப்போது 'செய்ய முடியவில்லை, காரணம்' என்று தனியாக ஒரு பத்தி இருக்கிறது. நான் டியூட்டியில் இருக்கும் இரவுகளில் நானே எழுதி, என் பெயரைப் போடுகிறேன். நான் இல்லாத இரவுகளில் ஒரு கட்டம்கூட விடாமல் சார்ட் முழுசாக நிரம்பி வருகிறது.