மோயாறும் ஒரு ஜீப் கொள்ளையும்

மசினகுடியில் ஜீப்காரர் முக்கால் மணி நேரத்துக்கு 2,000 ரூபாய் கேட்டார். பேரம் பேசி 1,400க்கு இறக்கினேன், அதற்குக் கிடைத்தது இரண்டு மான், ஒரு மயில், மீதியெல்லாம் புழுதி. "மோயாறு பள்ளத்தாக்கைக் காட்டுங்கண்ணா" என்றால், "அங்கெல்லாம் விடமாட்டாங்க சார்" என்று பாதி வழியில் சொல்கிறார். ஏறுவதற்கு முன்னால் சொல்ல வேண்டியதுதானே! அந்தக் காசில் நீலகிரி முழுக்க பஸ்ஸிலேயே சுற்றியிருக்கலாம்.

சரி, ஆற்றுக்கு வருவோம். முக்கூர்த்தி மலைப்பக்கம் பிறக்கும்போது இது பைக்காரா. இந்தத் தண்ணீரைக் குழாயில் மலையிறக்கி, சிங்காராவில் 1932லேயே மின்சாரம் எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். பைக்காரா அருவியில் தண்ணீரைவிட செல்ஃபி கூட்டம்தான் அதிகம், பஸ்ஸை விட்டு இறங்காமல் போனாலும் நஷ்டமில்லை. மலையிறங்கியதும் பெயர் மோயாறு. கூடலூரில் பஸ் மாறி மசினகுடி போகும்போது தெப்பக்காட்டில் பாலத்துக்குக் கீழே ஓடுவது இதுதான், யானை முகாமும் அங்கேயே. ஜன்னலோர சீட் மட்டும் பிடித்துவிடுங்கள், காசில்லாத சஃபாரி.

அப்புறம் ஆறு கிழக்கே திரும்பி, ஒரு கரையில் முதுமலை, மறுகரையில் பந்திப்பூர் என்று போய், சுமார் 20 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பெரும் பள்ளத்தில் விழுந்து ஓடுகிறது. மைசூர் டிச் என்பார்கள். பாறு கழுகுகள், அதாவது பிணந்தின்னிக் கழுகுகள், மிஞ்சியிருக்கும் பள்ளத்தாக்கு, நமக்கு வழி கிடையாது. ஆறு பாட்டுக்கு நேராகப் போய்விடுகிறது, நாமோ கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் குடல் புரள ஊட்டி ஏறி, மேட்டுப்பாளையம் இறங்கி, பஸ் மாறி பவானிசாகர் சேர வேண்டும்.

ஆனால் அங்கே எல்லாக் கோபமும் போய்விட்டது. பவானி நீலகிரிக்குத் தென்மேற்கே அட்டப்பாடி வழியாகச் சுற்றி வருகிறது, மோயாறு வடக்கே சுற்றி வருகிறது, மொத்த மலையையும் ஆளுக்கொரு பக்கமாக வளைத்து வந்து இந்த 1955ஆம் வருஷத்து அணையில் சேர்கின்றன. மேப்பைத் திறந்து பாருங்கள், அசந்துபோவீர்கள்! அணைப்பக்கம் சுடச்சுட மீன் வறுவல், காரம் தூக்கல், முள்ளைக்கூட விடவில்லை. பட்ஜெட்டை மறந்து இன்னொரு தட்டு வாங்கினேன்.

மோயாற்றங்கரையில் இருக்கும் தெங்குமரஹடா மட்டும் பாக்கி. வனத்துறை அனுமதி வாங்கி, பரிசலில் ஆற்றைக் கடந்து போக வேண்டிய ஊர். காட்டுக்குள் அரசு பஸ்ஸே போகிறது, ஜீப் பேச்சே வேண்டாம்.